உத்தியோகத்தரைத் திட்டும் முன் அவருக்கு யார், என்ன வேலை கொடுத்தார்கள் என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த சில வாரங்களாக உங்கள் வாசகர் பக்கத்தில் அரச உத்தியோகத்தர்களைப் பற்றி வந்த கடிதங்களை ஒன்றுவிடாமல் வாசித்தேன். கந்தோருக்குப் போனால் கதிரையில் ஆள் இல்லை, ஆள் இருந்தால் கையில் போன், கேட்டால் "நாளைக்கு வாங்கோ", சம்பளம் மட்டும் எங்கள் வரிப்பணம். ஏறக்குறைய எல்லாக் கடிதத்திலும் இதுதான் இருந்தது. ஒருவர் மூலைக்கு மூலை கமெரா பூட்டச் சொல்கிறார், இன்னொருவர் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பச் சொல்கிறார். அலைக்கழிந்தவர்களின் கோபம் நியாயமானது, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் அந்தக் கோபம் போய் விழுகிற இடம் பிழை என்று நினைக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் ஓர் ஆய்வு உளவியலாளர். அரசாங்கம் தன்னுடைய ஆட்களை எப்படிச் சேர்க்கிறது, எங்கே இருத்துகிறது, என்ன வேலை கொடுக்கிறது, எப்படி இடம் மாற்றுகிறது, இவையெல்லாம் சேர்ந்து அந்த ஆட்களின் மனதையும் அவர்கள் செய்கிற வேலையையும் என்ன செய்கின்றன என்பதுதான் என்னுடைய படிப்பு. இதை யாழ்ப்பாணத்தில் சொன்னால் முதலில் வருகிற கேள்வி "அப்ப நீங்கள் விசர் டொக்டரோ?" என்பதுதான். இல்லை, நான் யாருக்கும் வைத்தியம் பார்ப்பதில்லை. அனுமதிக் கடிதத்தோடு கந்தோர் கந்தோராகப் போகிறேன், சம்மதிக்கிறவர்களோடு இருந்து கதைக்கிறேன், வினாக்கொத்து நிரப்பித் தரச் சொல்கிறேன், பிறகு ஓரமாக ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு அங்கே நடப்பதைப் பார்க்கிறேன். ஆளின் பெயரோ கந்தோரின் பெயரோ எழுதுவதில்லை. இந்தக் கடிதத்திலும் அப்படித்தான்.

ஒரு பிரதேச செயலகத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். அன்று பொதுமக்கள் தினம். முன் கவுன்டரில் இருக்கிற பெண் உத்தியோகத்தருக்கு முன்னால் அஸ்வெசும என்ற அரச உதவிப் பணத்துக்கான மேன்முறையீட்டுக்கு வந்த சனம் வாசல்வரை நிற்கிறது. 2023 இல் பழைய சமுர்த்தி உதவித் திட்டத்தின் இடத்துக்கு அஸ்வெசும வந்தபோது, யாருக்குக் கொடுப்பது யாருக்கு இல்லை என்பது 22 சுட்டிகளை வைத்துக் கணினி போட்ட புள்ளியில்தான் தீர்மானமானது. அந்த உத்தியோகத்தருக்கு அதில் ஒரு புள்ளியைக்கூட மாற்ற அதிகாரம் கிடையாது, ஆனால் ஏச்சு முழுக்க அவருக்குத்தான். "மாடி வீட்டுக்காரருக்குக் குடுத்திருக்கிறியள், கொட்டிலில இருக்கிற எனக்கு இல்லையோ" என்று ஒரு அம்மா மேசையில் அடித்துக் கேட்கிறார். கேட்கிற அம்மாவிலும் பிழை இல்லை, பதில் சொல்லத் தெரியாமல் நிற்கிறவரிலும் பிழை இல்லை. அவருடைய காலைச் சாப்பாட்டுப் பார்சல் பதினொன்றரை வரை இழுப்பறைக்குள் பிரிக்காமலே கிடந்தது. மத்தியானத்துக்குப் பிறகு வந்த ஒரு முதியவரிடம் அவர் எரிந்து விழுந்தார். அதை மட்டும் பார்த்த ஒருவர் உங்கள் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினால் அந்தக் கடிதத்தில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அதே மண்டபத்தில் பத்தடி தள்ளி இன்னொரு மேசை. அதில் ஒரு அபிவிருத்தி உத்தியோகத்தர், பட்டதாரி. மேசையில் ஒரு கோவை, ஒரு நாட்குறிப்பு, ஒரு போன். காலையில் விரல் அடையாளம் வைக்கிறார், பின்னேரம் விரல் அடையாளம் வைக்கிறார், இடையில் அவருக்கென்று வந்து சேர்கிற வேலை ஒரு மணித்தியாலத்துக்கும் காணாது. ரெக்கோடரை நிற்பாட்டின பிறகு அவர் சொன்னது இது: "மிஸ், நான் பொருளியலில் சிறப்புப் பட்டம். எனக்கு ஒரு வேலை தாங்கோ எண்டு கேக்க வெக்கமாக் கிடக்கு. கேட்டாலும், உங்கட அமைச்சில இருந்து வரும், பொறுங்கோ எண்டு சொல்லினம்."

போன் பார்க்கிறவர் என்று உங்கள் வாசகர்கள் எழுதியது இவரைப் போன்றவர்களைத்தான். சரி, பத்தடி தூரத்தில் ஒருவர் சாப்பிட நேரமில்லாமல் இருக்கும்போது இவர் ஏன் எழும்பிப் போய்க் கை கொடுக்கக்கூடாது? நானும் அங்கே இருந்த மேலதிகாரியிடம் இதைத்தான் கேட்டேன். ஒரு பிரதேச செயலகத்துக்குள் ஒரே கூரையின் கீழ் இருந்தாலும், சிறுவர், மகளிர், கலாசாரம், சிறுதொழில் என்று வெவ்வேறு அமைச்சுகள், திணைக்களங்களுக்கு உரிய உத்தியோகத்தர்கள் அங்கே இணைக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களுடைய பதவி, முன்னேற்ற அறிக்கை எல்லாம் கொழும்பில் வேறு வேறு இடத்துக்குப் போகிறது. பிரதேச செயலாளர் வாய்ச்சொல்லில் ஒருவரைக் கவுன்டருக்கு மாற்றலாம். ஆனால் அந்த அமைச்சிலிருந்து ஒரு கடிதம் வந்தால், அல்லது அந்தக் கவுன்டரில் ஒரு பிழை நடந்தால், பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பது ஒருவருக்கும் தெளிவாக இல்லை. ஆகவே பாதுகாப்பான வழி, யாரையும் அசைக்காமல் விடுவது. இந்த மாவட்டத்தில் 15 பிரதேச செயலகங்கள் இருக்கின்றன. நான் போன இடங்களில் எல்லாம் இதே சிக்கல் ஏதோ ஒரு வடிவில் இருந்தது.

வேலை இல்லாமல் சம்பளம் வாங்குவது சுகம் என்று நாம் நினைக்கிறோம். உளவியல் அப்படிச் சொல்லவில்லை. 1930களின் தொடக்கத்தில் ஒஸ்ரியாவில் மரியந்தால் என்ற ஊரில் நெசவாலை மூடப்பட்டு ஊரே வேலை இழந்தபோது, மேரி யஹோடாவும் கூட்டாளிகளும் அங்கே போய் ஆராய்ந்தார்கள். நேரம் தாராளமாக இருந்தும் வாசிகசாலையில் புத்தகம் எடுப்பது குறைந்துபோயிருந்தது, ஆண்கள் தெருவில் நடக்கிற வேகமே குறைந்திருந்தது. வேலை என்பது பணம் மட்டும் அல்ல, அது நாளுக்கு ஓர் ஒழுங்கைத் தருகிறது, நாலு பேரோடு சேர்த்து வைக்கிறது, "நான் தேவைப்படுகிறவன்" என்ற நினைப்பைத் தருகிறது என்று யஹோடா பின்னாளில் விளக்கினார். எங்கள் அபிவிருத்தி உத்தியோகத்தருக்குப் பணம் வருகிறது, மற்றவை வருவதில்லை. சேர்ந்த முதல் வருடத்தில் துடிதுடிப்பாக இருந்த பிள்ளைகள் நாலைந்து வருடத்தில் வேலை வந்தாலும் தள்ளிப்போடுகிற ஆட்களாக மாறுவதை நான் கண்ணால் பார்க்கிறேன். சோம்பேறியாக வந்து சேர்ந்தவர்கள் அல்ல அவர்கள்.

இது எப்படி வந்தது என்பதும் எங்கள் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். "கோழி மேய்த்தாலும் கோர்ணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்ற ஊர் இது. 2012 இலும் சரி 2020 இலும் சரி, பட்டதாரிகளைப் பெருந்தொகையாகச் சேர்த்தபோது முதலில் தீர்மானிக்கப்பட்டது ஆட்களின் எண்ணிக்கை, வேலை அல்ல. 2017 இல் எங்கள் பட்டதாரிகள் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) முன்னால் மாதக்கணக்கில் வெயிலில் இருந்து போராடினார்கள். அவர்கள் கேட்டது நியாயம். ஆனால் நியமனக் கடிதத்தைக் கொடுத்துப் படம் எடுத்தவுடன் அரசாங்கத்தின் கடமை முடிந்துவிட்டது, அந்தப் பிள்ளை திங்கட்கிழமை காலை கந்தோருக்குப் போய் என்ன செய்யும் என்று யாரும் யோசிக்கவில்லை. வேலையைப் பார்த்து ஆளைச் சேர்க்கவில்லை, ஆளைச் சேர்த்துவிட்டு வேலையைத் தேடினார்கள், தேடுவதையும் பாதியில் விட்டுவிட்டார்கள்.

பிறகு 2022 வந்தது. எரிபொருள் இல்லை என்று வெள்ளிக்கிழமை லீவு, வீட்டில் தோட்டம் செய்யுங்கள் என்றார்கள். அதே வருடம் ஜூனில் வெளியான 14/2022 சுற்றறிக்கை, சம்பளமில்லாத லீவில் ஐந்து வருடம் வரை வெளிநாடு போகலாம் என்றது. போனவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், அன்றைக்குப் பால்மா வாங்க வழியில்லாத வீடுகள் அவை. அந்த வருடத் தொடக்கத்தில் ஓய்வு வயதை 65 ஆக்கினார்கள், வருடம் முடிவதற்குள் அதைத் திருப்பி 60 ஆக்கினார்கள், டிசம்பர் 31 ஆம் திகதி 60 தாண்டியவர்கள் ஒரே நாளில் வெளியே போனார்கள். காணிக் கிளையில் இருபது முப்பது வருடம் இருந்து, எந்தக் கோவை எந்தக் கோவையோடு சேர்ந்தது என்பதைத் தலைக்குள் வைத்திருந்த ஒருவர் அன்றைக்குப் பின்னேரம் மாலையோடு வீட்டுக்குப் போனால், அடுத்த நாள் அந்தக் கதிரைக்கு வருகிறவருக்கு எதுவும் தெரியாது. எழுதி வாங்கிக்கொள்ள யாரும் இல்லை. ஆட்சேர்ப்பும் நின்றுவிட்டது. மிஞ்சி நின்றவர்கள் "பதில் கடமை" என்று இரண்டு பேரின் வேலையை, சில இடங்களில் கிராம அலுவலர் ஒருவர் இரண்டு பிரிவை, சேர்த்துப் பார்க்கத் தொடங்கினார்கள். அதேவேளை பத்தடி தள்ளி அந்த மற்ற மேசை அப்படியே இருந்தது.

இந்த நிலைமைக்கு மருந்து என்று என்னிடம் அடிக்கடி கேட்பது என்ன தெரியுமா? ஒருநாள் செயலமர்வு. "மிஸ், எங்கட ஆட்களுக்கு மன அழுத்த முகாமைத்துவம் பற்றி ஒரு லெக்சர் குடுங்கோ, கொஞ்சம் மோட்டிவேஷனும் சேர்த்து." தேநீர், ரோல்ஸ், மூச்சுப் பயிற்சி, குழுப் படம். நான் போவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன். இரண்டு பேரின் வேலையைச் செய்கிறவருக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுப்பது அவரை அவமதிப்பது. அழுத்தம் அவருடைய மூச்சில் இல்லை, அவருடைய மேசையில் இருக்கிறது.

1967 இல் லண்டனில் அரச ஊழியர்களை வைத்துத் தொடங்கிய வைட்ஹோல் ஆய்வு எங்கள் துறையில் எல்லோரும் படிக்கிற ஒன்று. பெரிய பொறுப்பில் இருக்கிற அதிகாரிக்குத்தான் மாரடைப்பு வரும் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். கண்டுபிடித்தது தலைகீழ். கீழ்த் தரத்தில் இருந்தவர்களே இதய நோயால் கூடுதலாக இறந்தார்கள், புகைத்தல், இரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வித்தியாசம் போகவில்லை. மைக்கல் மார்மட் தலைமையில் 1985 இல் 10,308 பேருடன் தொடங்கிய இரண்டாவது ஆய்வில், தன்னுடைய வேலை எப்படி நடக்க வேண்டும் என்பதில் தனக்கு எவ்வளவு சொல் இருக்கிறது என்பது இதய நோயோடு தொடர்புபட்டிருப்பது தெரிய வந்தது. அது வேறு நாடு, வேறு கந்தோர்தான். ஆனாலும் கவுன்டரில் இருக்கிற அந்தப் பெண் உத்தியோகத்தரை நினைத்துப் பாருங்கள். எந்தத் தீர்மானமும் அவருடையது அல்ல, எல்லாத் தீர்மானத்துக்கும் முகம் கொடுக்கிறவர் அவர்தான்.

இனி இடமாற்றம். இதைப் பற்றித்தான் ஆட்கள் என்னோடு கூடுதலாகக் கதைத்தார்கள். சம்பளத்தை விடக் கூடுதலாக. குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாயிலிருந்து 40,000 ஆக உயர்த்துவதாக 2025 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தபோது எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். அந்தச் சந்தோஷம் பழகிப்போனதும் கதை திரும்பவும் இடமாற்றத்துக்கே வந்தது. "அவ எட்டு வருசமா ரவுணுக்குள்ளேயே இருக்கிறா, நான் மட்டும் ஏன் போக வேணும்?" இதற்கு யாரும் எழுத்தில் பதில் சொல்வதில்லை. பதில் இல்லாத இடத்தை ஊகம் நிரப்புகிறது. இன்னாருக்கு இன்ன அரசியல்வாதியைத் தெரியும், இன்னார் இன்ன பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர், இன்னார் வைத்தியச் சான்றிதழ் எடுத்துக் கொடுத்தார் என்று. அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு பொய் என்பது வேறு. ஆட்கள் அதை நம்பிக்கொண்டு வேலை செய்கிறார்கள் என்பதுதான் என் கவலை.

ஜோன் திபோ என்ற உளவியலாளரும் லோரன்ஸ் வோக்கர் என்ற சட்டப் பேராசிரியரும் 1970களில் செய்த ஆய்வுகளுக்குப் பிறகு திரும்பத் திரும்ப உறுதியான ஒரு விடயம் இருக்கிறது. முடிவு தனக்குப் பாதகமாக வந்தாலும், அந்த முடிவுக்கு வந்த வழி நேர்மையானது, தான் சொல்ல வேண்டியதைச் சொல்ல இடம் கிடைத்தது என்று தோன்றினால் மனிதர் அதை ஏற்றுக்கொள்கிறார். நான் கதைத்த உத்தியோகத்தர்களிலும் வன்னிக்கோ தீவுப் பகுதிக்கோ போக மாட்டோம் என்று ஒரேயடியாக நின்றவர்கள் மிகச் சிலர். "முறைப்படி எண்டால் போறன், எப்ப திரும்பி வரலாம் எண்டும் சொல்ல வேணும்" என்பதுதான் பெரும்பாலானவர்களின் பேச்சு. போகச் சொல்கிறவர்கள் இந்த இரண்டையும் சொல்வதில்லை.

நெடுந்தீவை எடுத்துக்கொள்ளுங்கள். குறிகாட்டுவானில் படகு ஏறி ஏறக்குறைய ஒரு மணித்தியாலக் கடல், காற்று எழும்பினால் அதுவும் இல்லை. அங்கே ஒருவருக்கு நியமனம் கிடைத்தால் சக உத்தியோகத்தர்கள் கேட்கிற முதல் கேள்வி, "என்ன, யாரோடயும் பிரச்சினைப்பட்டனீரோ?" என்பதுதான். ஒரு தீவு முழுவதையும் தண்டனை இடமாக எங்கள் நிர்வாகம் பழக்கிவிட்டது. அப்படி அனுப்பப்பட்டவர் எந்த மனநிலையோடு அந்தச் சனத்துக்கு முன்னால் போய் இருப்பார்? திரும்பிப் போகும் நாளை எண்ணிக்கொண்டுதான். நெடுந்தீவு மக்கள் எந்தக் குற்றமும் செய்யாமல், யாழ்ப்பாண நகரத்தில் யாரோ ஒருவருக்கும் இன்னொருவருக்கும் வந்த மனஸ்தாபத்தின் விலையை வருடக்கணக்காகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இப்போது ஓய்வை நெருங்கிக்கொண்டிருக்கிற தலைமுறை, 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் தாங்களும் சனத்தோடு சேர்ந்து நடந்தவர்கள். தாங்களே மரத்தடியில் இருந்துகொண்டு மற்றவர்களுக்கு நிவாரணம் பதிந்த கிராம அலுவலர்களை நான் சந்தித்திருக்கிறேன். வீட்டில் ஒரு சாவு, அடுத்த நாள் கடமை. அவர்களிடம் யாராவது, எந்த அமைச்சாவது, "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" என்று ஒருதரம் கேட்டிருக்குமா என்று விசாரித்தேன். ஒருவர் சிரித்துவிட்டு, "பிள்ளை, சம்பளம் ஏறத் தடைதாண்டல் பரீட்சை எழுதச் சொல்லிக் கடிதம் வந்தது" என்றார்.

கமெரா பூட்டச் சொன்ன வாசகருக்கு ஒரு வார்த்தை. விரல் அடையாள இயந்திரம் பூட்டி வருடக்கணக்காகிவிட்டது. அது ஆள் வந்ததைச் சொல்லும், வந்தவருக்கு வேலை இருந்ததா என்று சொல்லாது. 5எஸ் என்ற கந்தோர் ஒழுங்கு முறையின்படி அலுமாரிக்கும் தும்புத்தடிக்கும்கூடப் பெயர் ஒட்டி வைத்திருக்கிறார்கள், அதுவும் நல்லதுதான். அலுமாரிக்குப் பெயர் ஒட்டத் தெரிந்த நிர்வாகத்துக்கு, ஒவ்வொரு பதவிக்கும் என்ன வேலை, எத்தனை மணித்தியால வேலை என்று ஒரு தாளில் எழுதத் தெரியாமல் இருக்காது. அதைச் செய்துவிட்டு, பிரதேச செயலாளருக்குத் தன் கூரையின் கீழ் இருக்கிற எவரையும் எந்த அமைச்சு என்று பார்க்காமல் எழுத்தில் வேலை மாற்றிக் கொடுக்கிற அதிகாரத்தைக் கொடுக்கலாம். கவுன்டரில் ஒரே ஆளை வருடக்கணக்கில் வைத்து எரிக்காமல் வாரத்துக்கு ஒருவரென்று மாற்றலாம், இதற்குக் கொழும்பு அனுமதிகூடத் தேவையில்லை. ஓய்வு பெறப்போகிறவரை அவருடைய கடைசி மூன்று மாதத்துக்கு அடுத்து வருகிறவரின் பக்கத்தில் இருத்தலாம்.

இடமாற்றத்துக்குச் சட்டமே கையில் இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, ஒரு தீர்மானத்தால் பாதிக்கப்பட்டவர் எழுத்தில் கேட்டால் அந்தத் தீர்மானத்துக்கான காரணத்தை அதிகாரி சொல்ல வேண்டும். உத்தியோகத்தர்களும் பிரசைகள்தான், அவர்களும் கேட்கலாம். ஆனால் கேட்டால் அடுத்த இடமாற்றத்தில் என்ன நடக்கும் என்ற பயத்தில் பெரும்பாலானவர்கள் கேட்பதில்லை. தொழிற்சங்கங்கள் அவர்களுக்காகக் கேட்கலாம். பத்திரிகையும் கேட்கலாம்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். வருடாந்த இடமாற்றங்கள் வரும்போது மாவட்டச் செயலகத்திடமும் கைதடியில் உள்ள மாகாண நிர்வாகத்திடமும் உங்கள் செய்தியாளர் இரண்டு கேள்விகளைக் கேட்கட்டும். இந்தப் பட்டியல் எந்த அளவுகோலில் போடப்பட்டது? தீவுகளுக்குப் போகிறவர்கள் எப்போது திரும்பி வருவார்கள் என்று அவர்களுக்கு எழுத்தில் சொல்லப்பட்டிருக்கிறதா? வருகிற பதிலை, பதில் வராவிட்டால் வரவில்லை என்பதை, வாசகர் கடிதங்களுக்குப் பக்கத்தில் பிரசுரியுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆய்வு உளவியலாளர்
யாழ்ப்பாணம்